மூடி வைத்த ஆட்டம்

"லேப்டாப்ல இடமே இல்ல. பேத்தி வீடியோவை ஏத்த முடியல. கண்டதையும் யார் ரொப்பி வெச்சதுன்னு சாரைக் கேளுங்க" என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் சொன்னாள் வீட்டுக்காரம்மா, கணவரின் பக்கமே திரும்பாமல்.

கணவர் பேப்பரை இறக்கவில்லை. "யார்னு ஊருக்கே தெரியும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

ரிப்பேர்காரரை அவர்களுடைய மகள் போனிலேயே எச்சரித்திருந்தாள். வாசல் சாவியைத் தொலைத்தது யார் என்று தகராறு. பேச்சு நின்று பதினெட்டு நாளாகிறதாம்.

பேத்தி எடுத்த பிறகும் இந்த வீம்பா என்று நினைத்தபடி அவர் லேப்டாப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ஹைபர்னேட்னு ஒண்ணு இருக்கு. மூடியை மூடினா, திறந்திருக்கிறதை எல்லாம் அப்படியே டிஸ்க்குல எழுதி வெச்சுக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் போகாது. அதுவே பன்னிரண்டு ஜிபி முழுங்குது. எடுத்துடறேன். இனிமே வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் மூடிட்டு, முழுசா ஷட்டவுன் பண்ணிடுங்க."

"வேண்டாம்."

இரண்டு குரல்களும் ஒன்றாகவே வந்தன. இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அவருக்குப் புதுசா எதுவும் மண்டையில ஏறாது. அதுக்குத்தான் சொன்னேன்."

"ஷட்டவுன் பண்ணா அவங்களுக்குத் திரும்பத் திறக்கத் தெரியாது. அதுக்குத்தான்."

ரிப்பேர்காரர் வாதாடவில்லை. ஒரே போட்டோ நாலு முறை ஏறியிருந்ததையெல்லாம் தேடி அழித்தார். குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். ஏழு ஜிபி தேறியது.

"வீடியோவுக்கு இது போதும். ஹைபர்னேட்ல கை வைக்கல."

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. சமையலறை வாசலிலிருந்து இன்னொன்று.

வேலை முடிந்து, திரையில் திறந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செஸ் ஆட்டம், ஒரே லேப்டாப்பில் இருவர் மாறி மாறி ஆடுவது, பாதியில் நின்றது.

"இது யாரோட ஆட்டம்?"

"எனக்குத் தெரியாது. அவங்களைக் கேளுங்க."

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? அவரைக் கேளுங்க."

ரிப்பேர்காரருக்குக் கொஞ்சம் செஸ் தெரியும். குனிந்து பார்த்தார். வெள்ளை ஒரே ஒரு காயை நகர்த்தினால் ஜெயித்துவிடும். வெள்ளை அதை விட்டுவிட்டால், அடுத்ததாகக் கறுப்பு ஜெயித்துவிடும்.

ஓரத்தில் இதுவரை ஆடியதன் பட்டியல் தேதியோடு இருந்தது; கடைசியாக ஆடியது நேற்று ராத்திரி. கடைசி முப்பது முறையும் வெள்ளை தன் யானையை ஒரு கட்டம் முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. கறுப்பும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.