ஓங்கிய சுத்தியல்

ஷெட்டில் மகன் முடுக்கிய கார் இன்ஜின் படபடவென்று வெடித்து, இருமி, நின்றுபோனது. நான்கு நாளாக இதே கதைதான்.

ஷெட்டுக்கு எதிரே, ஜன்னலோரக் கட்டிலில் அப்பா கிடந்தார். நாற்பது வருடமாக அந்தக் காரைத் தன் கையாலேயே பழுது பார்த்துவந்தவர். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

“ப்ளக் ஒயரை மாத்தி மாட்டியிருக்கீங்க சார்,” என்று மதில் மேல் எட்டிப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். “பழைய வண்டி. விவரம் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்.”

மகன் ஜன்னலைப் பார்த்தான். அப்பாவின் அருகில் நின்ற அவன் மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

அவனுக்குக் கண் கலங்கியது. ஸ்பேனரை வீசிவிட்டு, பெரிய சுத்தியலை எடுத்துக் கார்புரேட்டர் மேல் ஓங்கினான்.

“டே…ய்! சுத்…தியலை… வைடா, மடையா!”

ஜன்னலிலிருந்து வந்தது குரல். குழறலாக, ஆனால் பழைய கோபத்தோடு.

சுத்தியல் நழுவி விழுந்தது. மகன் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். “இன்னும் திட்டுங்கப்பா… நல்லாத் திட்டுங்க!”

வாசலுக்கு வந்த மனைவியிடம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: “பெரியவர் பேசிட்டாரு, ரொம்ப சந்தோஷம்மா. இனிமேலாவது வண்டியை ஒரு மெக்கானிக் கையில…”

“இவரே மெக்கானிக்தாங்க,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. “இருபது வருஷமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்காரு. டாக்டர் கையை விரிச்சதும், நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியைப் பிரிச்சுப் போட்டாரு. கண்ணெதிர்ல அதைக் கெடுத்தா, அப்பாவால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதுன்னு.”