முழ நீள பெல்ட்

"கரி கொட்டுது! கரி கொட்டுது!" என்று யாரோ கத்தியதும் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தது. ஓராஸ்பாய் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல், இன்னொரு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கரி சரியான இடத்தில்தான் கொட்டியது, கடுகு கடுகாக. கீழே நின்ற தீப்பெட்டியளவு லாரி நிரம்பியதும் அரங்கமே கைதட்டியது.

சுரங்கத் தொழிலாளர் தினத்துக்காகக் கரகண்டா நகரத்தில் நடந்த போட்டி அது. ஓய்வு பெற்றவர்கள், தாங்கள் வேலை பார்த்த சுரங்கத்தைக் குட்டியாகச் செய்து வைக்க வேண்டும்; அதில் கரி ஏற்றும் பெல்ட் ஓட வேண்டும். எல்லாமே சொந்தக் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

"ஓடாம என்ன? பூமிக்கடியில கிலோமீட்டர் கணக்குல பெல்ட் ஓட்டுன ஃபோர்மேன்! இந்த முழ நீள பெல்ட்டெல்லாம் அண்ணனுக்கு ஜுஜுபி" என்று பக்கத்து மேஜை ஜாகேன் அவர் தோளில் தட்டினான். ஓராஸ்பாய்க்கு உடம்பு கூசியது.

அந்த முழ நீள பெல்ட்தான் அவரை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. குளிர்காலம் முழுக்கச் சைக்கிள் ட்யூபை வெட்டினார், பேனாக் குழாயில் உருளை செய்தார், பழைய டேப்ரெக்கார்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். சுவிட்சைப் போட்டால் போதும், பெல்ட் ஒரு பக்கமாக நழுவிக் கழன்று விழும்.

சுரங்கத்தில் பெல்ட் இம்மி விலகினாலும் ஆட்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவர் அவர். கடைசியில் வெட்கத்தை விட்டு, போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, பேர் தெரியாத யாரிடமோ ஒரு பெல்ட் செய்யச் சொன்னார். மினிபஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய பெட்டியில், கேட்ட அளவில் கச்சிதமாக வந்து சேர்ந்தது. வீட்டில்கூட அவர் மூச்சு விடவில்லை.

"எப்படிங்க நழுவாம ஓடுது? என் வீட்டுக்காரர் தலைகீழா நின்னும் முடியலையே!" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது... பொறுமை வேணும்மா" என்று முனகினார். ச்சே, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மேஜைமேல் கோரிம்திக் என்கிற முதல் பார்வைக் காணிக்கை குவிந்துகொண்டே போனது. புது மருமகளோ, பிறந்த குழந்தையோ, புதுசாக எதுவானாலும் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதே! மிட்டாய் வைத்தார்கள், குர்த் என்கிற காய்ந்த தயிர் உருண்டை வைத்தார்கள், ஒருவர் புதுக் கையுறைகூட வைத்துவிட்டுப் போனார். "இந்தக் கை நல்லா இருக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் வாழ்த்த, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவர் நெளிந்தார்.

அப்போதுதான் கதீஷா வந்தாள். ஓராஸ்பாயோடு பெல்ட் பிரிவில் வேலை பார்த்து, இறந்துபோன சாபித்தின் மனைவி. வெளியூருக்குப் போனவளை வெகு நாள் கழித்து இன்றுதான் பார்க்கிறார்.

அவள் குனிந்து, பெல்ட் ஒரு சுற்று முழுதாக ஓடி முடியும்வரை பார்த்தாள். "நல்லா ஓடுதுண்ணே" என்றாள். கைப்பையைத் திறக்காமலே அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டாள்.

"கஞ்சப் பிசினாறி!" என்றான் ஜாகேன். "ஒரு மேஜை விடாம வேடிக்கை பாக்குறா. எங்கேயாவது ஒரு மிட்டாய் வச்சாளா பாத்தீங்களா?"

ஓராஸ்பாய் அவள் போன திசையையே பார்த்தார். சாபித்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு என் கை வேலை எது, எது இல்லை என்று தெரியாதா? கண்டுபிடித்துவிட்டாள். அதுதான் வைக்கவில்லை.

மேடையில் மைக் கரகரத்தது. "இன்னும் கொஞ்ச நேரத்துல முதல் பரிசு..." என்று நடுவர் ஆரம்பித்தார்.

ஐயோ, என் பேரைக் கூப்பிட்டுவிட்டால்? அந்தப் பரிசை வீட்டில் எந்த முகத்தோடு மாட்டுவது? தினம் தினம் அது என்னைப் பார்த்துக் காறித் துப்பாதா? விறுவிறுவென்று மேடையை நோக்கி நடந்தார்.

படிக்கட்டில் கதீஷா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "எங்கேண்ணே போறீங்க?"

"உண்மையச் சொல்லப் போறேன், தங்கச்சி. அந்த பெல்ட்ட நான் செய்யல. காசு குடுத்து வாங்கினேன்." அவர் கையை உதறப் பார்த்தார். "நீ கண்டுபிடிச்சிட்டேன்னு எனக்குத் தெரியும். சாபித் இருந்திருந்தா என் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டான்."

கதீஷாவின் முகம் வெளிறியது. சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வேண்டாம்ணே, தயவு பண்ணி திரும்பிப் போயிடுங்க."

"எப்படிப் போறது? அத்தனை பேரும் மாசக்கணக்கா மல்லுக்கட்டி, சொந்தக் கையால செஞ்சு கொண்டாந்திருக்காங்க. நான் ஒருத்தன் மட்டும் ஏமாத்திப் பரிசு வாங்குறதா? மானம் போனா போகட்டும், கையை விடு!"

அவள் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க ஏறினா எல்லாரும் ஏறணுமேண்ணே... இங்கே ஓடுற அத்தனை பெல்ட்டும் நான் செஞ்சு வித்ததுதான்!"