தேர்வு மையம்

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் இடுகாடுதான். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் கைபேசி வழியே இலவசமாக நடத்திய முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்த பெண்கள், ஆளுக்கொரு கல்லறையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். மழை, புரியாத ஆங்கிலம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். மிஞ்சியது தவமணியும் பூவாத்தாளும்.

இன்று இறுதித் தேர்வு. தவமணி மட்டும் கைபேசியைச் சிலுவையில் சாய்த்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அதன் கேமராவில் வேறு முகம் தெரிந்தால் தேர்வு ரத்து. மறுவாய்ப்பு கிடையாது.

அவளுக்குப் பின்னால், இடுகாட்டு வாசலில், பாடை வந்து நின்றது.

"மோளத்த நிறுத்துங்கடா. புள்ள பரிச்ச எழுதுது," என்றார் முன்னால் தூக்கிவந்த மருதையன், தணிந்த குரலில்.

"தூக்குனத நடுவுல எறக்கக்கூடாதேண்ணே. தோளு விட்டுப்போவுது."

"பொறுத்துக்க. பூவாத்தா இருந்திருந்தா அவளும் இப்ப எழுதிக்கிட்டுதான் இருப்பா."

பெண்கள் அழுகையை முந்தானைக்குள் அடக்கினார்கள். நாற்காலிப் பாடையில் கட்டி உட்காரவைத்திருந்த பூவாத்தாளின் தலை மட்டும் கூட்டத்துக்கு மேலே தெரிந்தது.

தவமணி கடைசிக் கேள்விக்கு வந்தபோது, தூக்கியவர்கள் தோள் மாற்றுவதற்காக ஓரடி நகர்ந்தார்கள். கேள்வி மறைந்தது. "உங்களுடன் இன்னொருவர் இருக்கிறார்" என்று திரையில் எழுத்து வந்தது. அவள் தோளுக்கு மேலே தெரிந்த பூவாத்தாளின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம்.

தவமணி கைபேசியைக் கவிழ்த்துவைத்தாள். எழுதி முடித்துவிட்டாள் என்று நினைத்து அவர்கள் மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள்.