பத்து வாக்கியம்

“ஆறாவது வாக்கியத்துல மறுபடியும் திக்குறீங்கப்பா,” என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள், கையிலிருந்த தாளைப் பார்த்தபடி.

அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே சுற்றிவிடுவார். ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

“நாளைக்கு ஸ்கூலுக்கு மட்டம் போட்டுடட்டுமாம்மா? வயித்துவலின்னு சொல்லிக்கலாம்.”

“போன பேச்சுத் தேர்வுக்கும் அதே வயித்துவலிதானே? ஹெட்மாஸ்டர் நம்புவாரா? ம்... முதல்லேர்ந்து சொல்லுங்க.”

தட்டுத் தடுமாறிப் பத்தையும் ஒப்பித்து முடித்தார். மகள் கைதட்டினாள்.

“ஒரு தப்புகூட இல்லப்பா! இன்னும் எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?”

அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருகினார்.

“இங்கிலீஷ் டீச்சர் இந்தத் தடவையும் லீவாம். விளையாட்டு வாத்தியார் சும்மாதானே இருக்கார்னு பரீட்சையை என் தலையில கட்டிட்டாங்க. கேள்வி பத்தையும் எப்படியோ கேட்டுடுவேன். பசங்க பதில் சொல்லித் தொலைச்சா, அது சரியா தப்பான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”