பத்துக்கு இரண்டு

“ரெண்டா? பத்துக்கு ரெண்டுதானா?”

துறைத்தலைவி அந்தத் துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் மிச்ச மதிப்பெண் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று தேடுவதுபோல் இருந்தது.

“ஆமாம் மேடம்,” என்றாள், மூன்று மாதத்துக்கு முன் தற்காலிகமாகச் சேர்ந்த விரிவுரையாளர்.

மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்த உட்காருமுன் அந்தத் துறையில் ஓர் ஒத்திகை நடக்கும். எப்போதோ படித்துவிட்டுப் போன மாணவர் ஒருவரின் கட்டுரையை, பெயரையும் மதிப்பெண்ணையும் நீக்கித் தட்டச்சு செய்து எல்லோருக்கும் தருவார்கள். ஒவ்வொருவரும் தனியாகப் படித்து, மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கவேண்டும். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இந்தமுறை இன்னொரு காரியமும் இருந்தது. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பதை ஒத்திகையைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் தலைவி நிர்வாகத்திடம் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். ‘நிரந்தரம்’ என்ற வார்த்தையை இதுவரை விளம்பரங்களில்தான் பார்த்திருப்பதாக அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு.

மேசையின் அந்தக் கோடியில் மூத்த பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்தால் அந்தத் துறையில் எதுவும் நடக்கும். நல்லாசிரியர் கேடயம் வாங்கியதிலிருந்து அவர் பச்சை மையில்தான் திருத்துகிறார். சிவப்பைக் கண்டால் பிள்ளைகள் வாடிவிடுவார்களாம்.

“காரணம் சொல்லுங்க,” என்றார் தலைவி.

கட்டுரை, சலவைக்கடையில் இஸ்திரி போடும் ஒரு தகப்பனைப் பற்றியது. வருடக்கணக்காகச் சூட்டோடு மல்லுக்கட்டி அவருடைய விரல்களுக்குச் சூடே தெரியாமல் போய்விட்டது. மகளுக்குக் காய்ச்சலா என்று பார்க்க, அவள் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். காலையில் அந்த இடத்தைப் படித்தபோது பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த வயதிலும் மனசு ஈரமாக இருப்பதில் அவருக்குச் சின்னப் பெருமையும் உண்டாயிற்று.

அவள் தாளைப் பார்க்காமலே, அளந்து அளந்து, எழுத்துத் தமிழிலேயே சொன்னாள். “விரலுக்குச் சூடு தெரியாது என்பது பரிதாபத்துக்காக ஜோடித்தது. வறுமையைக் கடைவிரித்தால் கட்டுரை ஆகிவிடாது. இது மதிப்பெண்ணுக்காகப் பெற்ற தகப்பனையே கூவி விற்கிற எழுத்து. எழுதியவர் பேசாமல் அந்தக் கடையிலேயே போய் நிற்கலாம்.”

“இது திருத்தற மாதிரி இல்லை, தோலை உரிக்கிற மாதிரி இருக்கு,” என்று பக்கத்து நாற்காலிக்காரர் முணுமுணுத்தார்.

சொல்லி முடித்தவள் தலைவியைப் பார்க்கவில்லை, பேராசிரியரைத்தான் பார்த்தாள். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நம்பிக் காத்திருப்பவளைப்போல் இருந்தாள். அவர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவி மற்ற சீட்டுகளைப் பிரித்தார். ஆறு, ஏழு, மறுபடி ஆறு. கடைசிச் சீட்டு பேராசிரியருடையது. ஒன்பது.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டவளின் முகம் என்று பேராசிரியர் எடுத்துக்கொண்டார்.

தலைவிக்கு அவளை விட மனமில்லை. வகுப்பை ஒழுங்காக எடுக்கிற ஆள். அவசரத்தில் படித்திருப்பாள், வேண்டுமானால் மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளட்டுமே என்று இழுத்தார்.

“மாத்திக்கிறேன் மேடம்,” என்றாள் அவள், சட்டென்று.

அந்தச் சட்டென்றுதான் பேராசிரியருக்கு எரிச்சலூட்டியது. “மார்க்கை மாத்திடலாம் மேடம். மனசை எப்படி மாத்துவாங்க? எழுதின பொண்ணு இதைக் கேட்டிருந்தா அப்புறம் ஜென்மத்துக்கும் பேனாவைத் தொடுமா? இவங்ககிட்ட பிள்ளைங்களை ஒப்படைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.”

தலைவி பேனாவை எடுத்தார். அறிக்கையில் இரண்டே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டிவிட்டார்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் ஆசிரியர் அறையில் அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா, அரைகுறையாகத் தேய்ந்த டஸ்டர், தலைவலித் தைலம். அவ்வளவுதான் அவளுடைய மூன்று மாதம்.

ஒருத்தர் வயிற்றெரிச்சலோடு போகக்கூடாது என்று நினைக்கிறவர் பேராசிரியர். அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னார். வேறு எங்காவது வேலை கிடைக்கும், இன்னும் வயசிருக்கிறது, ஆனால் எழுத்துக்குப் பின்னால் ஒரு மனுஷப்பிறவி இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழாதது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“தப்பா நினைக்காதீங்கம்மா, கேக்காம இருக்க முடியலை,” என்றார் எழுந்தபடி. “பெத்தவனை விக்கிற எழுத்து, கடையிலேயே போய் நில்லுன்னு... எப்படிம்மா வாய் வந்தது? எங்க கத்துக்கிட்டீங்க இந்த மாதிரித் திருத்த?”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இங்கதான் சார், உங்ககிட்ட. முதல் வருஷத்துல அந்தக் கட்டுரையை எழுதினவ நான்தான். ரெண்டு மார்க் போட்டு ஓரத்துல நீங்க எழுதினதை ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சா, உங்களுக்குப் பிடிச்சுப்போய் வேலை கிடைச்சுடும்னு நம்பிட்டேன்.”