ஐம்பத்தாறாம் இலக்கச் சட்டை

1992. லண்டன், டூட்டிங் வீட்டின் மாடியறையில் பாலேந்திரா விளையாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். கீழே செத்தவீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"பொஞ்சாதியைப் பெட்டியிலை வைக்கிற நாளிலை, பந்தடிக்கிற சட்டையைத் தேடுறியோ?" என்று கதவடியில் நின்று கேட்டார் அண்ணன் குலசேகரம்.

"ஓம்."

"ஏழு வருஷமா அமெரிக்கன் ஃபுட்போல். ஒரு கோலாவது அடிச்சதுண்டோ?"

"பந்தோடை ஓடி வாறவையை மறிச்சு விழுத்திறதுதான் வேலை, அண்ணை. கோல் அடிக்கிறதில்லை."

"விழுத்தி என்ன கண்டது? முழங்கால் போச்சு. கோயிலிலை சனம் சிரிச்சுது."

"சிரிச்ச சனம்தானே இப்ப கீழை இருந்து தேத்தண்ணி குடிக்குது. குடிக்கட்டும்."

சட்டை கிடைத்தது. இன்னும் வியர்வை மணத்தது. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

சவச்சாலைக்குப் போகக் கார் வந்திருந்தது. மகளுக்கு உடுத்துவதற்கான கல்யாணக் கூறைச்சேலையோடு மாமி கனகாம்பிகை புறப்பட்டு நின்றார். பாலேந்திரா சட்டையை அவர் கையில் வைத்தான்.

"இதையும் போட்டுவிடுங்கோ, மாமி. பெண்கள் அணியிலை செல்வமலர் கடைசிவரைக்கும் போட்டு விளையாடின சட்டை. அவளைத் தாண்டிப் போனவை குறைவு."

"சுமங்கலியாப் போறவளுக்கு இதென்ன கூத்து?" என்று பின்னால் வந்த அண்ணன் சீறினார்.

மாமி சட்டையின் இலக்கத்தைத் தடவிப் பார்த்தார். "கூறைக்குள்ளை போட்டுவிடட்டோ, தம்பி? ஒருத்தருக்கும் தெரியாது."

"மேலை போடுங்கோ, மாமி. எல்லாருக்கும் தெரியட்டும்."