எதிர்க்கட்சி ரத்தம்

காயத்தை அடைக்க ஓடிவரும் ரத்தத் தட்டணுவின் சவ்வில் ஒரு நுண்வாசல் உண்டு. அதை மூடிவிட்டால் தட்டணு எதிலும் ஒட்டாது என்பது ஆய்வாளர் குழலியின் கட்சி. "அதெல்லாம் ஒட்டும். உங்களுக்கு ரத்தம் குடுத்தவங்க ஆஸ்பிரின் போட்டிருப்பாங்க, அதான் ஒட்டல" என்பார் பக்கத்து ஆய்வகத்து ஜெபசிங். எந்தக் கூட்டத்திலும் இதே பேச்சுதான். கடைசியில் ஒருநாள் அவரே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் மாத்திரையைத் தொடுறதே இல்ல. என் ரத்தத்துல பாருங்க. ஒட்டிச்சுன்னா நீங்க இதைப் பத்தின கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பக் கூடாது."

குழலி சரியென்றாள். அவர் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள்.

முதலில் மருந்து கலக்காத ரத்தத்தைக் கண்ணாடித் தடத்தில் ஓடவிட்டாள். தட்டணுக்கள் வந்த வேகத்தில் கால்பரப்பி உட்கார்ந்துகொண்டன. ஜெபசிங் மீசையைத் தடவினார். அடுத்தது, வாசலை மூடும் மருந்து கலந்த ரத்தம். நுண்ணோக்கித் திரையில் தட்டணுக்கள் உருண்டு வந்தன, தடத்தைத் தொட்டன. நின்றுவிடுமோ என்று குழலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுகூட நிற்கவில்லை. வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டே இருந்தன.

ஜெபசிங் திரையருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க, என் உடம்புக்குள்ளயே உங்க ஆளுங்கதான் இருக்காங்களா?"

குழலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும்தான். சிரித்தபடியே அவர் மற்றொரு கையை நீட்டினார்.

"இதுல எடுங்க, பாப்போம்."